மண்வள அட்டையில் இல்லாத கட்டம்



வீட்டில் பத்திரத்தோடு பத்திரமாக மண்வள அட்டை ஒன்று கிடக்கும். எடுத்துப் பாருங்கள். 2015 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து என்று மொத்தம் 12 விவரம் அதில் இருக்கும். எந்தச் சத்து குறைகிறது, எந்த உரத்தை வாங்கிப் போடணும் என்று அட்டை சொல்லும். எந்த விஷம் ஏறியிருக்கிறது என்று மட்டும் சொல்லாது. காட்மியம், காரீயம், குரோமியம், நிக்கல், பாதரசம், ஆர்செனிக் ஆகிய ஆறு கன உலோகங்களில் ஒன்றுக்குக்கூட அதில் கட்டம் கிடையாது.

இன்னொரு வெற்றுக் கட்டமும் இருக்கிறது. அது அட்டையில் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 1993-ல் ஆறாவது அட்டவணையைச் சேர்த்தார்கள். தொழிற்சாலைக் கழிவுநீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்பதற்கான பொது வரம்பு அது. ஆறு, ஏரிக்கு விடுவதற்கு ஒரு பத்தி, சாக்கடைக்கு ஒரு பத்தி, பாசன நிலத்துக்கு ஒரு பத்தி, கடலுக்கு ஒரு பத்தி என்று நாலு பத்தி. காரீயத்துக்கு ஆற்றுக்கு வரம்பு உண்டு, சாக்கடைக்கு உண்டு, கடலுக்கு உண்டு. பாசன நிலத்துக்கு? வெறும் கோடு! காட்மியத்துக்கும் கோடு. பாதரசத்துக்கும் கோடு. குரோமியம், நிக்கல், தாமிரம், துத்தநாகம் எல்லாவற்றுக்கும் கோடு! கடல் மீனுக்குக் காட்டிய அக்கறையை நெல்லு வயலுக்குக் காட்டவில்லை.

இந்த இரண்டு வெற்றுக் கட்டத்தையும் நிரப்பு என்பதுதான் நம் போராட்டம். "எங்கேயோ வேலூர்ல, கடலூர்ல நடக்கிற சமாச்சாரம், நெட்டப்பாக்கத்துக்கு என்ன வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. வந்த பிறகு கேட்பதில் பிரயோசனம் இல்லை என்பதற்குக் காரணம் பயிரின் வேரிலேயே இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வேரின் வாசல்

நாற்றைப் பிடுங்கினால் வேர் நுனியை ஒட்டி மெல்லிய மயிர் போல வேர்த்தூவிகள் தெரியும். ஒவ்வொரு தூவியும் ஒரு செல். அந்தச் செல்லைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு அடுக்குக் கொழுப்பு, அதில் ஆங்காங்கே புதைந்த புரதங்கள், அவ்வளவுதான் அதன் கட்டுமானம். ஆனால் நாம் பாய்ச்சும் தண்ணீர், போடும் யூரியா, பொட்டாஷ் எல்லாம் அந்தச் சவ்வைத் தாண்டித்தான் பயிருக்குள் போகவேண்டும்.

அந்தப் புரதங்களை மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு ஒரு மதகு, பொட்டாஷுக்கு ஒரு மதகு, மணிச்சத்துக்கு ஒன்று, துத்தநாகத்துக்கு ஒன்று. வேண்டியதை உள்ளே விட்டு, வேண்டாததை வெளியே நிறுத்துவது இவற்றின் வேலை. நல்ல மடைக்காரர் இருக்கிற ஏரி மாதிரி, சவ்வு உறுதியாக இருக்கும்வரை பயிர் பிழைத்துக்கொள்ளும்.

கன உலோகம் இந்த வாசலை உடைத்துக்கொண்டு வருவதில்லை. வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. காட்மியம் பார்ப்பதற்குத் துத்தநாகத்தின் பங்காளி மாதிரி. துத்தநாகம், இரும்பு, கால்சியம் போகிற வழியிலேயே புகுந்துவிடும். நெல்லில் மாங்கனீசு நுழையும் மதகுதான் அதற்கு முக்கிய வழி என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். குரோமேட் கந்தகச் சத்தின் வழியில் போகிறது. ஆர்செனிக் ஒரு வடிவத்தில் மணிச்சத்தின் வழியிலும், இன்னொரு வடிவத்தில் நெற்பயிர் மணல்சத்தை உறிஞ்சும் வழியிலும் போகிறது. பயிருக்கு எது உணவோ அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே விஷம் உள்ளே வருகிறது. வேர் ஏமாந்து போகிறது, அதற்கு ஆள் அடையாளம் தெரியாது.

உள்ளே வந்தபின் என்ன ஆகிறது? பாதரசமும் காரீயமும் காட்மியமும் மதகுப் புரதங்களில் இருக்கிற கந்தகப் பிடிப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். மதகு இறுகிப் போகும். பாதரசம் தண்ணீர் போகிற மதகையே அடைத்துவிடும். அளவுக்கு மீறின தாமிரமும், செல்லுக்குள் உருமாறுகிற குரோமியமும் பிராணவாயுவையே தீப்பொறி போல ஆக்கி, சவ்வின் கொழுப்பைத் தாக்கும். எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை வருமே, அதுபோல வேரின் சவ்வுக் கொழுப்பு கெடுகிறது. கெட்ட சவ்வு ஓட்டை விழுந்த வரப்பு மாதிரி. நாம் காசு கொடுத்துப் போட்ட பொட்டாஷ் வேருக்குள் போகாமல் இருப்பது மட்டுமில்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பதும் வெளியே கசிந்துவிடும்.

பயிர் சும்மா இருந்துவிடுவதில்லை, அது போராடுகிறது. காட்மியத்தைப் பிடித்துக் கட்டிப்போட ஒருவகைப் பொருளைத் தானே தயாரிக்கிறது. கட்டிய மூட்டையைச் செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் தள்ளி அடைக்கிறது. ஆனால் இதற்குக் கந்தகம் செலவாகிறது, சக்தி செலவாகிறது. தூர் கட்ட வேண்டிய சக்தி, கதிர் பிடிக்க வேண்டிய சக்தி, விஷத்தைக் கட்டிப்போடுவதில் போய்விடுகிறது. நமக்கு மகசூலில் தெரிவது இந்தச் செலவின் கணக்குதான்.

கண்ணுக்குத் தெரியாது, கடைக்காரருக்கு லாபம்

இந்தச் சேதத்தை வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? வேர் நீளாது, கட்டையாக நிற்கும். நுனி பழுப்பாகும். வயலில் தண்ணீர் நிற்கும், மத்தியானத்தில் பயிர் வாடும். இளம் இலை வெளுக்கும். இதையெல்லாம் பார்த்தால் எந்த விவசாயிக்கும் என்ன தோன்றும்? துத்தநாகக் குறைபாடு, இரும்புக் குறைபாடு, வேர்ப்புழு, வேரழுகல் என்றுதான் தோன்றும். மருந்துக் கடைக்குப் போவோம். ஜிங்க் சல்பேட் கொடுப்பார்கள். அடுத்த வாரம் ஏதோ ஒரு வளர்ச்சி ஊக்கி. அதற்கடுத்த வாரம் பூச்சிமருந்து. காணிக்கு இத்தனை என்று கடன் ஏறும். நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

இதற்காகப் பழுப்பு வேரைப் பார்த்ததும் உலோகம் என்று கத்திவிடவும் முடியாது. தண்ணீர் கட்டிய நெல் வயலில் வேரின்மேல் இரும்புத் துரு படிந்து பழுப்பாவது சகஜம், அது சில சமயம் பயிருக்குப் பாதுகாப்பும்கூட. அதனால்தான் சொல்கிறோம், இது கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கிற விஷயம் இல்லை. அனுபவம் எவ்வளவு இருந்தாலும் போதாது. சோதனை வேண்டும். சோதனை செய்யும் கருவியும் ஆளும் அரசாங்கத்திடம்தான் இருக்கிறார்கள்.

"அதுக்கெல்லாம் பெரிய செலவாகுமே, பெரிய மிஷின் வேணுமே" என்று அதிகாரிகள் சொல்லலாம். ஏமாறாதீர்கள். நம் மண்ணில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு எவ்வளவு என்று பார்க்க ஒரு கரைசலில் மண்ணைக் குலுக்கி வடிகட்டி, அணு உறிஞ்சல் கருவியில் வைக்கிறார்கள். காட்மியம், காரீயம், நிக்கல் ஆகியவற்றில் வேர் எடுக்கக்கூடிய பங்கையும் அதே கரைசல் பிரித்துக் கொடுக்கும், அதே கருவி அளக்கும். ஒவ்வொரு உலோகத்துக்கும் கருவியில் ஒரு தனி விளக்கு போடவேண்டும், அவ்வளவுதான். நுண்ணூட்டச் சோதனை நடக்கிற ஆய்வகத்தில் விளக்கை மாற்றிப் போடுவதுதான் வித்தியாசம். குரோமியம், பாதரசம், ஆர்செனிக்குக்குத் தனி முறை வேண்டும் என்பது உண்மை. முதல் மூன்றைக்கூட ஏன் அட்டையில் சேர்க்கவில்லை என்பதுதான் நம் கேள்வி.

வேரின் சவ்வு கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதோ இன்னும் சுலபம். வேர்த் துண்டுகளைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் சில மணி நேரம் போட்டு வைத்து, எவ்வளவு உப்பு வெளியே கசிந்திருக்கிறது என்று உப்பு அளக்கும் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். ஓட்டையான சவ்விலிருந்து அதிகமாகக் கசியும். அந்த மீட்டர் இல்லாத மண் ஆய்வகமே கிடையாது. குரும்பாப்பட்டில் இருக்கிற கிருஷி விஞ்ஞான் கேந்திரா இதை எங்களுக்குச் செய்து காட்டட்டும். நல்ல வயல் வேரையும் சந்தேகப்பட்ட வயல் வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். சங்கத்து ஆட்கள் வந்து பார்க்கத் தயார்.

பாலாறு சொல்லும் பாடம்

வேலூர் மாவட்டத்து விவசாயிகளுக்கும் ஒரு காலத்தில் "பார்த்துக்கலாம்" என்றுதான் பதில் கிடைத்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றிலும் வயலிலும் கலந்தது. தோல் பதனிட குரோமிய உப்பு போடுவார்கள். சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு போனபோது, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு முன்வைக்கப்பட்டது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போயிருந்தது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு கொடுத்தது. அதில் நாம் மனப்பாடம் செய்யவேண்டிய சங்கதிகள் மூன்று. ஒன்று, கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும். இரண்டு, கெடுத்தவன்தான் செலவைக் கொடுக்கவேண்டும், நட்ட ஈடு மட்டுமல்ல, மண்ணைச் சரிசெய்யும் செலவும் அவனுடையது. மூன்று, தன் தொழிலால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழிற்சாலைக்காரனுடையது. விவசாயி வேரைப் பிடுங்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலையத் தேவையில்லை!

இவ்வளவு நல்ல தீர்ப்பு வந்ததே, மண் திரும்பி வந்ததா? 2025 ஜனவரி 30-ல் அதே வேலூர் விவகாரத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்ட ஈடு கொடு, ஆற்றைச் சரிசெய் என்று சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உத்தரவு போடவேண்டியிருந்தது. 28 வருஷத்துக்கு மேல்! ஒரு விவசாயி இளந்தாரியாக இருந்து கிழவனாகிற காலம். காரணம் என்ன? பூச்சிமருந்து நாளாக நாளாக மக்கிப்போகும். உலோகம் மக்காது. காட்மியம் நூறு வருஷம் கழித்தும் காட்மியம்தான். மண்ணுக்குள் ஒருமுறை ஏறிவிட்டால், கோர்ட்டு ஜெயிக்கும், மண்ணு ஜெயிக்காது. அதனால்தான் வருமுன் சோதனை என்கிறோம்.

பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம்

வேலூர் தூரம் என்பவர்களுக்குக் கடலூர் தூரமா? பாகூரிலிருந்து தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அதற்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் சிப்காட். குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2009-ல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கத் தொழிற்பகுதிகளுக்கு மார்க் போட்டது. மாசு எவ்வளவு அதிகமோ மார்க்கும் அவ்வளவு அதிகம். வேலூர் பகுதிக்கு 81.79, கடலூருக்கு 77.45. 70-ஐத் தாண்டினாலே மோசமான நிலை என்று வாரியமே சொன்னது.

நம் நிலைமையையும் யோசியுங்கள். நெட்டப்பாக்கம் கொம்யூன் தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிப்பிணைந்து கிடக்கிறது. மடுகரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் வேறு மாநிலம். வாய்க்கால் தண்ணீர் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. மலட்டாற்றிலும் குடுவையாற்றிலும் வருவது எந்த மாநிலத்துக் கழிவு என்று கேட்டால், புதுச்சேரி மாசுக்கட்டுப்பாட்டுக் குழுமம் தமிழ்நாட்டு வாரியத்தைக் காட்டலாம், அவர்கள் இவர்களைக் காட்டலாம். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்காலில் பாகூர் ஏரிக்கு வரும் தண்ணீரும் பல ஊர் கடந்து வருவதுதான். நடுவில் நாம் பந்தாக முடியாது.

இங்கே எந்தக் கம்பெனி மேலும் நாம் குற்றம் சாட்டவில்லை. எந்த வயலில் விஷம் ஏறிவிட்டது என்றும் சொல்லவில்லை. சோதனையே செய்யாமல் எப்படிச் சொல்வது? "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அதிகாரியும் சொல்ல முடியாது, அதே காரணம்தான். அளக்காதவன் சொல்லும் "சரி" எந்தக் கணக்கில் சேரும்?

"ஆற்றில் விடுகிற கழிவு தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போகும்" என்ற ஒரு கணக்கு உண்டு. அதை வைத்துத்தான் ஆறு, ஏரிக்கு விடும் கழிவில் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்மியம் வரை அந்த ஆறாவது அட்டவணை அனுமதிக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் பாசனத் தண்ணீருக்குச் சொல்லும் அளவு 0.01 மில்லிகிராம். 200 மடங்கு வித்தியாசம்! கலந்து நீர்த்துப்போக ஆற்றில் தண்ணீர் வேண்டாமா? மாசி, பங்குனியில் மலட்டாறு பேருக்கேற்றபடி மலடாகக் கிடக்கும்போது எதில் கலந்து நீர்த்துப்போகும்? ஓடுவது கழிவு மட்டும் என்றால் பாய்வதும் கழிவு மட்டும்தான்.

கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். போர் தண்ணீர் உப்பேறினால் அந்த உப்போடு சேர்ந்து காட்மியம் மண்ணிலிருந்து சுலபமாகக் கழன்று வேருக்கு வரும். நிலத்தடி நீரை உறிஞ்சுவதும் உலோகப் பிரச்சினையும் தனித்தனி இல்லை. இரண்டும் ஒரே வேரில் வந்து முடிகிறது.

மூட்டையில் வருவது

எல்லாமே கழிவுநீரில்தான் வரும் என்றும் இல்லை. பாறை பாஸ்பேட்டில் இயற்கையாகவே காட்மியம் உண்டு. அது டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் கொஞ்சம் வந்துசேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையிலிருந்து பாஸ்பேட் உரத்தில் ஒரு கிலோ மணிச்சத்துக்கு 60 மில்லிகிராம் காட்மியத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்துவிட்டது. அவர்கள் மண்ணுக்கு ஒரு நியாயம், நம் மண்ணுக்கு ஒரு நியாயமா? நகரக் குப்பையிலிருந்து செய்த கம்போஸ்டுக்கு நம் உரக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே வரம்பு இருக்கிறது. ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், காரீயம் 100, குரோமியம் 50, பாதரசம் 0.15. ஆனால் பேட்டரியும் பெயிண்டு டப்பாவும் பிரிக்காமல் மக்க வைத்த குப்பை எரு என்று மலிவாக வந்து இறங்கினால், சோதனைச் சீட்டு எங்கே என்று யார் கேட்கிறார்கள்? நாம்தான் கேட்கணும். சீட்டு இல்லாத லோடை வண்டியோடு திருப்பி அனுப்புங்கள்.

மூட்டைக்கு வரம்பு போட்ட சர்க்கார், அந்த மூட்டை போய்ச்சேரும் மண்ணில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்க மறுக்கிறது. இது என்ன நிர்வாகம்?

ஜப்பான் உழவர்கள் வாங்கிய உரிமை

ஜப்பானில் டொயாமா என்று ஒரு ஜில்லா. அங்கே ஜின்சூ ஆறு. மேலே கமியோகா சுரங்கம், மிட்சுய் கம்பெனியுடையது. சுரங்கக் கழிவின் காட்மியம் ஆற்றில் வந்து நெல் வயலில் பாய்ந்தது. நெல் விளைச்சல் குறைந்ததாக விவசாயிகள் முதலில் புகார் சொன்னார்கள், யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு அந்த அரிசியைத் தின்ற பெண்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. "வலிக்குது, வலிக்குது" என்று அவர்கள் கதறியதே நோயின் பெயராகிவிட்டது, 'இதாய் இதாய்'. பயிர் முதலில் சொன்னது, மனுஷன் உடம்பு பிறகு சொன்னது.

நெல்லில் ஒரு சூட்சுமம் உண்டு. வயலில் தண்ணீர் நிற்கும்வரை காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து மண்ணில் கட்டுண்டு கிடக்கும். அறுப்புக்கு முன்னால் தண்ணீரை வடித்து வயலைக் காயவிடுவோமே, அப்போது அவிழ்ந்துகொண்டு வேருக்கு வந்து மணியில் ஏறிவிடும். பயிர் பச்சையாகத் தெரிந்தாலும் அரிசி சுத்தம் என்று அர்த்தமில்லை. அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் கூடாது என்பது சர்வதேச உணவு விதி. நாளை ஒரு வியாபாரி நம் நெல்லைச் சோதித்துவிட்டு வேண்டாம் என்றால், நஷ்டம் யாருக்கு?

1968-ல் ஜப்பான் அரசு அது மாசு நோய்தான் என்று ஒத்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் அதே வருஷம் வழக்குப் போட்டு 1971-லும், மேல்முறையீட்டில் 1972-லும் ஜெயித்தார்கள். கெட்ட வயல்களில் மண்ணை மாற்றிச் சீர்செய்து முடிக்க 2012 ஆகிவிட்டது. அதுவும் ஜப்பான் மாதிரி பணக்கார நாட்டில்!

ஆனால் அவர்கள் வாங்கியது நட்ட ஈடு மட்டுமில்லை. 1972-லேயே கம்பெனியிடம் எழுதி வாங்கிய ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. ஊர்மக்கள், தாங்கள் நம்புகிற நிபுணர்களை அழைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்கலாம், செலவு கம்பெனியுடையது. அதன்படி வருஷாவருஷம் விவசாயிகள் உள்ளே போய்ச் சோதித்தார்கள். கழிவில் காட்மியம் குறைந்துகொண்டே வந்தது. ஆபீசர் எழுதும் ரிப்போர்ட்டை நம்பி உட்காராமல், தாங்களே போய்ப் பார்த்தார்கள். நாம் கேட்பதும் அதுதான்.

இது நமக்குப் புதுசும் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே இந்தப் பகுதியில் ஏரி, வாய்க்கால் பராமரிப்பை 'சிண்டிகா அக்ரிகோல்' என்று உழவர் சங்கங்கள் பார்த்துக்கொண்டன. ஏரித் தண்ணீர் எப்படி வருகிறது, எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை விவசாயியிடம் இருந்தது. தண்ணீரின் அளவைக் கேட்கும் உரிமை இருந்தவனுக்குத் தண்ணீரின் தரத்தைக் கேட்கும் உரிமை இல்லையா?

"பிள்ளைங்களுக்கு வேலை வேணாமா?"

இந்தக் கேள்வியும் வரும். நம் பிள்ளைகள் பலர் தொழிற்பேட்டைகளில்தான் வேலை செய்கிறார்கள், அது நமக்குத் தெரியும். தொழில் வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. கழிவைச் சுத்தம் செய்கிற தொழில் இருக்கட்டும். சோதனைக்குப் பயப்படுகிற தொழில் எதை மறைக்கிறது என்று வேலைக்குப் போகிற பிள்ளையே கேட்கட்டும். அந்தப் பிள்ளை சாப்பிடுவதும் இந்த அரிசிதானே!

நம் கோரிக்கைகள்

1. நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் எடுக்கும் ஒவ்வொரு மண் மாதிரியிலும் கன உலோகங்களையும் சோதித்து, மண்வள அட்டையிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். உழவர் உதவியகம் மூலம் இலவசமாகச் செய்யவேண்டும்.

2. ஏரி வண்டல், வாய்க்கால் தண்ணீர், பாசனப் போர் ஆகியவற்றில் வருஷத்துக்கு இரண்டு முறை மாதிரி எடுக்கவேண்டும். ஒன்று தண்ணீர் வற்றிய பங்குனி, சித்திரையில், இன்னொன்று முதல் மழை வெள்ளம் வரும்போது. மாதிரி எடுப்பது ஊர் விவசாயிகள் முன்னிலையில் நடக்கவேண்டும். சீல் வைத்த ஒரு பங்கை ஊரிடம் கொடுக்கவேண்டும். முடிவைத் தமிழில் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டவேண்டும்.

3. ஆறாவது அட்டவணையில் பாசன நிலத்துக்கு உரிய பத்தியை மத்திய அரசு நிரப்பவேண்டும். அதுவரை புதுச்சேரி மாசுக்கட்டுப்பாட்டுக் குழுமம் காத்திருக்கத் தேவையில்லை. குறிப்பிட்ட தொழிலுக்கோ இடத்துக்கோ இன்னும் கடுமையான வரம்பு போட மாநில அமைப்புகளுக்கு அதே விதிகளில் அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்து!

4. கழிவுநீர் வெளியேற்றும் தொழிற்சாலைகளுக்குள் நிபுணரோடு போய்ப் பார்க்கும் உரிமையை விவசாயிகள் குழுவுக்கு எழுத்து மூலம் கொடுக்கவேண்டும். லைசென்ஸ் நிபந்தனையிலேயே இதைச் சேர்க்கவேண்டும்.

5. 2025 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளின்படி, சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் தயாரிக்கவேண்டும். நம் கொம்யூன் பட்டியலை வெளியிடு! புதுச்சேரியில் 2006-ல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சியின் காலம் 2011-ல் முடிந்தபின் வருஷக்கணக்கில் தேர்தலே வைக்கவில்லை. ஊருக்காகக் கேட்க ஆளில்லாமல் செய்ததற்கும் சேர்த்துப் பதில் சொல்!

6. சோதனைச் சீட்டு இல்லாத நகரக் கம்போஸ்டு விற்பனையைத் தடைசெய். பாஸ்பேட் உரங்களின் காட்மிய அளவை மூட்டையில் அச்சிடு.

7. மண் கெட்டதாகத் தெரிந்தால், நிரூபிக்கும் பொறுப்பு விவசாயி தலையில் கூடாது. 1996 தீர்ப்பின்படி தொழிற்சாலை நிரூபிக்கட்டும். விளைச்சல் நஷ்டத்தோடு மண் சீரமைப்புச் செலவையும் வசூலித்துக் கொடு.

இன்றே செய்யவேண்டியது

கோரிக்கை ஜெயிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டாம். தொழுவுரம், தழையுரம் தாராளமாகப் போடுங்கள். மட்கு இருக்கிற மண் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்குச் சீக்கிரம் விடாது. புளித்த மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு போட யோசனை கேளுங்கள். மண் புளிக்கப் புளிக்கத்தான் காட்மியம் கரைகிறது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் மண் புளிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். நிறம் மாறின தண்ணீர், நுரை, வாடை தெரிந்தால் மடையை அடைத்துவிட்டு, நாள், நேரம், இடம் எழுதி வைத்து, சங்கத்துக்குச் சொல்லுங்கள். சுத்தமான பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். எழுதி வைக்காத புகார் காற்றில் போய்விடும்.

நெல் போட்டவர், கரும்பு போட்டவர், மல்லாட்டை போட்டவர், சவுக்கு போட்டவர் என்று இதில் பேதமில்லை. சொந்த நிலத்துக்காரர், குத்தகைக்காரர், நடவுக்குப் போகிற தாய்மார் என்றும் பேதமில்லை. சேற்றில் காலை வைக்கிற எல்லார் விஷயமும் இது. எந்தக் கட்சிக் கொடி பிடிப்பவராக இருந்தாலும் அந்தக் கொடியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

இந்தத் துண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிற நாளில், உங்கள் மண்வள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். அட்டை இல்லாதவர்கள் ஒரு பிடி வயல் மண்ணை மடியில் கட்டிக்கொண்டு வாருங்கள். அதிகாரிகள் மேஜையில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்போம்.

"இதில் எவ்வளவு விஷம் இருக்கு? அளந்து சொல்லு!"

பதில் எழுத்தில் வரும்வரை எழுந்திருக்க மாட்டோம்!